கூடத்தில் தார் ரோடு

வீட்டுக்கு யாராவது வரப்போகிறார்கள் என்றால் மற்றவர்கள் சட்டை மாற்றுவார்கள், தலை சீவுவார்கள். இந்த வீட்டில் ரப்பர் பாயைச் சுருட்டுவார்கள். சுருட்டுகிறவர் வீட்டுக்காரர். தரையிலிருந்து ரப்பர் பிரியும் அந்தச் சத்தம் காதில் விழுந்தாலே அவர் மனைவிக்குச் சுள்ளென்று ஏறும். அடுப்படியில் என்ன வேலையாக இருந்தாலும் போட்டது போட்டபடி வந்து நிற்பாள்.

"இப்ப எதுக்கு அத எடுக்கறீங்க?"

"பார்ட்டி வருது. பாத்துட்டுப் போனதும் விரிச்சிடறேன்."

"அதுவரைக்கும் தடியன் எதுல நடப்பான்?"

"அரை மணி நேரம் நடக்காம இருந்தா தேஞ்சா போயிடுவான்?"

தடியன் என்பது நாய். குட்டியாக வந்தபோதே அதன் கால்கள் யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் பெரிதாக இருந்தன. வளர்ந்து நின்றபோது தலை சாப்பாட்டு மேசைக்கு வந்தது. வாலை ஆட்டினால் தம்ளர் உருண்டது. அது ஒரு குரல் கொடுத்தால் பார்சல் கொண்டுவருகிறவர்கள் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். இத்தனைக்கும் குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு, ஒளிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் வீரன் அவன்.

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். காலையில் ஒரு நடை, பிற்பகலில் ஒரு நடை. கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் போதும், பின்னால் உள்ள அத்தனை வாலும் சுருண்டு உட்காரும். அந்தப் பார்வை செல்லுபடியாகாத ஒரே ஆள் அவள் புருஷன்தான்.

அவருக்குத் தரை பாலிஷ் போடும் தொழில். தொழில் வட்டாரத்தில் அவருக்குக் 'கண்ணாடி' என்றே பெயர். கல் தரையின் மேல் இயந்திரத்தை ஓட்டி, முதலில் முரட்டுக் கல், அடுத்து அதைவிட மெல்லிய கல், அதற்கடுத்து இன்னும் மெல்லியது என்று தேய்த்துத் தேய்த்து, ஆள் முகம் தெரிகிற வரை விடமாட்டார். சொந்த வீட்டுக் கூடத்துக்கு மட்டும் கடைசிச் சுற்றைக் கையாலேயே போட்டார். மண்டியிட்டு, துணியால், மூலை மூலையாக. அந்தக் கூடத்தில் குனிந்தால் கூரை விளக்கு கீழே எரியும். தலை சீவ வேறு கண்ணாடி தேவையில்லை.

அவர் கடை வைத்துக்கொள்ளவில்லை. கூடம்தான் கடை. வீடு கட்டுகிறவர்களை அழைத்துவந்து வாசலில் நிறுத்தி, ஒரு வார்த்தை பேசாமல் விளக்கைப் போடுவார். அவர்கள் 'அடேயப்பா' என்று வாயைப் பிளப்பார்கள். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்றவள் கூட அப்படிப் பூரிக்கமாட்டாள்.

காலமெல்லாம் மண்டியிட்டதில் அவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. 'வெறுங்காலோடு கல்லில் நடக்காதீர்கள்' என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டுக்குள்ளும் தடிமனான ரப்பர் செருப்புதான். படுக்கையிலிருந்து இறங்கும்போது போட்டால் படுக்கப் போகும்போதுதான் கழற்றுவார். இந்தச் செருப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கோபமெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறது.

தடியனுக்கு வந்த கோளாறு சின்னதாகத்தான் தொடங்கியது. தூங்கி எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டான். உட்காரும்போது ஒரு பின்னங்காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டான். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக் குதித்தான். 'பாரு, முயல் மாதிரி ஓடறான்' என்று எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். போனில் படம்கூடப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். அது வலியில் குதிக்கிற குதி என்று பிற்பாடு தெரிந்தபோது, அந்தப் படத்தை அழிக்கப் போய் அழிக்க மனம் வராமல் தன்மேலேயே எரிந்து விழுந்தாள்.

கூடத்தில் நடக்கும்போது அவன் பின்னங்கால்கள் கத்தரிக்கோல் விரிவதுபோல் இரண்டு பக்கமும் போயின. எப்படியோ இழுத்துச் சேர்த்துக்கொண்டு நிற்பான், ஒன்றும் நடக்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"சோம்பேறி" என்றார் வீட்டுக்காரர்.

"சத்து இல்ல. இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க, சரியாயிடும்" என்றார் மாமா.

மாமா என்பது அவளுடைய மாமனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயுளில் பாதியை வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து கழித்தவர். 'அங்கேர்ந்து பாத்தா மனுஷன் எல்லாம் எறும்பு' என்பார். கீழே வந்த பிறகும் அந்த நினைப்பு போகவில்லை என்பது அவள் கட்சி. சாப்பாட்டு மேசைக்கு வரமாட்டார். 'டி.வி. சத்தம் ஆகல, உள்ளயே குடுத்துடும்மா' என்பார். வேன் ஓட்டிவிட்டு வந்த கையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போகும்போதெல்லாம், ராஜா தர்பாரை விட்டு இறங்கமாட்டாராக்கும் என்று பல்லைக் கடித்துக்கொள்வாள்.

மாமா சொன்னபடி கூடுதலாகச் சோறு போட்டார்கள். தடியன் பெருத்தான். எழுந்திருப்பது இன்னும் சிரமமானது. ஒருநாள் எழுந்திருக்கவே மாட்டேன் என்று கண்ணை மட்டும் உருட்டினான். அன்றைக்குத்தான் நாய் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இடுப்பு மூட்டுங்கறது ஒரு கிண்ணம், அதுக்குள்ள ஒரு பந்து. இவனுக்குக் கிண்ணம் ஆழமா இல்ல. பந்து பாதிதான் உக்காந்திருக்கு. பெரிய ஜாதி நாய்ங்களுக்குப் பிறவியிலேயே வரும். முழுசா மாத்த முடியாது, ஆனா நல்லா வெச்சுக்க முடியும்."

"என்ன செய்யணும் டாக்டர்?"

"முதல்ல எடை. விலா எலும்பு கையில தட்டுப்படணும். தெருவுல பாக்கறவங்க 'சோறு போடறதே இல்லையா'ன்னு உங்களத் திட்டணும், அந்த அளவு. மாடிப்படி வேண்டாம், சோபாலேர்ந்து குதிக்க வேண்டாம். ஓட விடாதீங்க, ஆனா நடக்காமயும் விடாதீங்க. கொஞ்ச தூரமா, அடிக்கடி, கயித்துல பிடிச்சு. தொடைச் சதை இருந்தாத்தான் மூட்டு நிக்கும். பாதத்துக்கு நடுவுல வளர்ற முடிய வெட்டி விடுங்க, இல்லன்னா பிடிப்பு இருக்காது. நான் தர்ற மாத்திரையத் தவிர உங்க வலி மாத்திரை எதையும் குடுத்துடாதீங்க, அது நாய்க்கு விஷம்." எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். "வீட்டுல தரை எப்படி?"

அவள் மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"முகம் பாக்கலாம் டாக்டர்" என்றார் அவர், பெருமை தாங்காமல்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அப்ப அதுதான் இவனுக்கு முதல் எதிரி. வழுக்கற தரையில ஒவ்வொரு தடவ கால் விரியறப்பவும் அந்தப் பந்து கொஞ்சம் கொஞ்சமா வெளிய வருது. ஒரு நாள் முழுசா வெளிய வந்துடும்."

வீட்டுக்கு வந்ததும் புருஷன், "நாய்க்கு எதிரியாம்" என்று தரையைப் பார்த்துத்தான் சொன்னார், அதற்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

மறுநாளே அவள் வேனுக்கு உள்தரை போடும் கடைக்குப் போய், வரி வரியாகப் புடைத்த கறுப்பு ரப்பரைச் சுருளாக வாங்கிவந்தாள். தடியன் படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கு ஒரு பட்டை. அங்கிருந்து கொல்லைக் கதவுக்கு ஒன்று. மாமா அறை வாசலில் படுப்பது அவனுக்கு வழக்கம், அங்கே ஒன்று. சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒன்று, சோறு விழும் இடம் என்பதால் அங்கே அவனுக்கு நிரந்தர அலுவல். வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு போனில் யாரிடமோ, "என் ஹால்ல தார் ரோடு போட்டிருக்காய்யா" என்று அழாத குறையாகச் சொன்னார்.

தார் ரோடு வேலை செய்தது. சோற்றைக் குறைத்தாள். மாமா திருட்டுத்தனமாகப் போட்ட பிஸ்கட்டைக் கையும் களவுமாகப் பிடித்து டப்பாவை வேனிலேயே வைத்துப் பூட்டினாள். தடியனுக்கு இடுப்பு என்று ஒன்று தெரிய ஆரம்பித்தது. காலை விரிக்காமல் எழுந்தான். மாத்திரையும் நடையுமாகத் தொடையில் சதை பிடித்தது.

தார் ரோடு போட்ட பிறகு இன்னொன்றும் நடந்தது. மாமா அறையை விட்டு வெளியே வந்தார். முதலில் நாயோடு கொல்லைக் கதவு வரை, பிறகு சாப்பாட்டு மேசைக்கே. தட்டு தூக்கும் வேலை நின்றது. டி.வி. சத்தம் எப்படித் திடீரென்று ஆகிவந்தது என்று அவள் யோசிக்கவில்லை. நாய்மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டாள். கறுப்புப் பட்டையில் தடியன் முன்னால், மாமா பின்னால், இருவரும் ஒரே மாதிரி நிதானமாகப் போவதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

"மாமா, ஓரமா போங்க. எதிர்ல லாரி வருது."

"என்கிட்ட லைசென்ஸ் இருக்கும்மா" என்பார். பட்டையை விட்டு மட்டும் இறங்கமாட்டார்.

இந்த நல்ல காலத்துக்கு நடுவில்தான் அந்தச் சுருட்டுகிற சத்தம். பார்ட்டி வந்தால் பாய் சுருளும், சோபாவுக்குப் பின்னால் போய் நிற்கும். ஒருதரம் விரிக்க மறந்துபோய் மாலை வரை அப்படியே கிடந்தது. அன்றைக்கு அவள் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டில் டி.வி.யை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"உங்க முட்டிக்கு மட்டும் ரப்பர் வேணும், அவன் இடுப்புக்கு வேண்டாமா?"

"எனக்குத் தொழில் இதுதாண்டி. கறுப்பு ரப்பர் விரிச்ச ஹாலக் காட்டி எவன்கிட்ட வேலை கேக்கறது?"

அதிலும் நியாயம் இல்லாமலில்லை. அதனால்தான் ஒரு உடன்பாட்டுக்கு வந்தாள். பார்ட்டி வரும்போது பாயை எடுக்கலாம். எடுக்குமுன் தடியனைக் கொல்லையில் கட்ட வேண்டும். அவர்கள் தலை மறைந்த மறு நிமிஷம் பாய் தரையில் இருக்க வேண்டும். அவர் தன் பாலிஷ் மெஷின்மேல் ஆணையாகச் சம்மதித்தார். அதைவிடப் பெரிய சத்தியம் அவருக்குக் கிடையாது என்பதால் அவளும் நம்பினாள்.

அன்று பிற்பகல் நடையில் ஒரு குழந்தை வேனில் வாந்தி எடுத்தது. கழுவித் துடைத்து, கடைசிக் குழந்தையை இறக்கிவிட்டு வர நேரமாகிவிட்டது. அவள் சாவி போடும் சத்தத்துக்கு வழக்கமாக உள்ளே வால் சுவரில் மோதும். அன்று அந்தச் சத்தம் இல்லை.

கதவைத் திறந்தாள். கூடம் பளபளவென்று கிடந்தது. ஜன்னல் வழியே வந்த சாயங்கால வெயில் மொத்தமும் தரையில் ஒரு குளம்போல் நின்றது. குளத்துக்கு நடுவில் தடியன் கிடந்தான். ஒரு பின்னங்கால், காலுக்குச் சம்பந்தமில்லாத திசையில் இருந்தது. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கால் நீட்டி, வெறுந்தரையில் மாமா உட்கார்ந்திருந்தார். பனியன் வியர்வையில் ஒட்டியிருந்தது.

அவர் அறை வாசலிலிருந்து நாய் இருந்த இடம் வரைக்கும் தரையில் தடம் இருந்தது. காலடித் தடமில்லை, உள்ளங்கைத் தடம். இரண்டிரண்டாக, மங்கலாக, வழி நெடுக. அந்தத் தரைதான் எதையும் மறைக்காதே.

"வந்துட்டியாம்மா" என்றார் மாமா. "அவன் காலத் தொடாத. தொட்டா அழறான்."

"என்ன மாமா ஆச்சு?"

"பார்ட்டி வந்தது. புருஷன் பொண்டாட்டி. எம்புள்ள பாய எடுத்தான். இவனக் கட்டல. அஞ்சு நிமிஷம்தானேன்னான். இவனும் படுத்துதான் இருந்தான், பாவம். அவங்க கிளம்பறப்ப அந்தப் பொண்ணு வாசல்லேர்ந்து இவனக் கொஞ்சுச்சு. மரியாதை தெரிஞ்ச பய இல்லையா, வழியனுப்ப எழுந்து வந்தான். நடு ஹால்ல கால் போச்சு. ஒரு சத்தம் வந்துது பாரு." அவர் அந்தச் சத்தத்தைத் திரும்பக் கேட்டவர்போல் நிறுத்தினார்.

"அவர் பாக்கலயா?"

"பாத்தான். 'படுத்துக்கடா, படுத்துக்க'ன்னான். கல்லு பாக்கக் கூட்டிட்டுப் போகணுமாம்."

"நீங்க கூப்பிடலயா?"

"கூப்பிட்டேன். 'வந்துடறேன்பா'ன்னான். கதவ இழுத்துச் சாத்திட்டான்."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே."

மாமா மோவாயால் சாப்பாட்டு மேசையைக் காட்டினார். போன் அங்கே சார்ஜில் இருந்தது. மேசைக்கும் இந்தத் தரையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவள் அப்போதுதான் கேட்டாள். "நீங்க ஏன் மாமா தரையில தேச்சுக்கிட்டு வந்தீங்க?"

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நடந்து வர முடியாதும்மா. இந்தத் தரையில எனக்குக் கால் நிக்காது, காலுறை போட்டாலும் வழுக்குது, போடாட்டியும் வழுக்குது. முன்னாடியெல்லாம் செவுத்தப் பிடிச்சுப் பிடிச்சு பாத்ரூம் வரைக்கும் போவேன். நடு ஹால்ல செவுரு ஏது? நீ அவனுக்குன்னு ரோடு போட்டியே, அதுக்கப்புறம்தான் நான் வெளிய வந்தேன்." பிறகு, அவள் முகத்தைப் பார்த்து அவசரமாக, "டி.வி. சத்தமும் பிடிக்காதுதான்" என்றார்.

அவளுக்கு அந்த நேரத்தில் வந்த கோபத்துக்கு ஒரு முகம் போதவில்லை. புருஷன்மேல் வந்தது. தூக்கிக்கொண்டு போன ஒவ்வொரு தட்டும் ஞாபகம் வந்து தன்மேல் வந்தது. கிரேன் உச்சியில் காற்றில் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர், மகன் போட்ட தரைக்குப் பயந்து ஒரு அறைக்குள் முடங்கிக் கிடந்திருக்கிறார். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் ராஜா தர்பார். நாய் வலிக்கிறது என்று குதித்துக் காட்டியபோது சிரித்தது போதாதென்று, மனிதர் காட்டியதும் புரியவில்லை. அழுகையும் வந்தது. அழுதால் கோபம் குறைந்துவிடும் என்று அதை அடக்கிக்கொண்டாள்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். 'பெரிய துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்துப் பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாருங்கள், காலை இழுக்காதீர்கள்' என்றார் அவர். தடியனை ஒற்றை ஆளாய்த் தூக்க முடியாது. அவள் துண்டோடு நின்ற நேரத்தில் வாசலில் வண்டி வந்து நின்றது.

வீட்டுக்காரர் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். "வேலை நமக்குத்தான். மூணு மாடியும்" என்றவர், கூடத்தைப் பார்த்து நின்றார். "இன்னும் படுத்தே இருக்கானா? அப்பா, நீங்க ஏன் கீழ?"

"செருப்பக் கழட்டுங்க" என்றாள் அவள்.

அவர் ஓரடி பின்னால் போனார். அந்தக் குரலில் அவள் எதைச் சொன்னாலும் யாரும் பின்னால்தான் போவார்கள். மாமாவே பதறிவிட்டார். "அம்மாடி, வேணாம்மா."

"அடிக்கறதுக்கு இல்ல மாமா. கழட்டச் சொல்லுங்க."

அவர் கழற்றினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மாமா அறைக்குப் போய், காலில் குளிர் ஏறாமல் இருக்க அவர் எப்போதும் போட்டிருக்கும் கம்பளிக் காலுறையில் ஒரு ஜோடியை எடுத்துவந்து புருஷன்மேல் எறிந்தாள்.

"போடுங்க. போட்டுக்கிட்டு அந்த அறை வாசல்லேர்ந்து உங்கப்பாகிட்ட நடந்து வாங்க."

"நாய் அங்க கிடக்கு, இப்ப என்னடி இது விளையாட்டு?"

"விளையாட்டா? அவன் விழுந்தப்ப உங்களுக்கு நேரமாச்சு. இப்ப எனக்கும் நேரமாகுது. நடந்து வந்து தூக்குங்க. வாங்க."

அவர் சுவரோரமாக அறை வாசலுக்குப் போய், அங்கே காலுறையைப் போட்டுக்கொண்டு நின்றார். முதல் அடி வைத்தார். இரண்டாவது அடியில் குதிகால் அவர் அனுமதி கேட்காமலே முன்னால் போனது. கதவு நிலையைப் பிடித்துத் தொங்கி நின்றார். செருப்பு போட ஆரம்பித்த நாளிலிருந்து அவர் அந்தத் தரையில் செருப்பில்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. நிலையை விடவும் முடியவில்லை, விடாமல் அடுத்த அடி வைக்கவும் முடியவில்லை.

அப்போது தடியன் அவரைப் பார்த்துவிட்டான். வால் தரையில் அடித்தது. எஜமான் வந்தால் எழுந்திருக்க வேண்டாமா? முன்னங்கால் இரண்டையும் ஊன்றி உடம்பைத் தூக்கினான். பின்பக்கம் வரவில்லை. நகம் கல்லில் கீறிக் கீறி வழுக்கியது. மாமா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பிலிருந்து குட்டியினுடைய குரல் வந்தது.

"எழுந்திரிக்காதடா" என்று கத்தினார் வீட்டுக்காரர். "டேய், வேண்டாம்டா, எழுந்திரிக்காத."

நிலையை விட்டுவிட்டு முழங்காலில் விழுந்தார். தேய்ந்த முழங்கால் கல்லில் பட்டது அவளுக்கே கேட்டது. கையை ஊன்றி ஊன்றித் தவழ்ந்து போனார். அவர் கை வைத்த இடமெல்லாம் அவர் அப்பா கை வைத்த இடம்.

பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் நாயைத் தொடாமல் அப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை சிவந்து கிடந்தது.

"ஏம்பா சொல்லல?"

"நீ முட்டி தேயத் தேயப் போட்ட தரைடா. வர்றவங்ககிட்ட எல்லாம் 'எங்கப்பாவுக்குத்தான் இது ரொம்பப் பிடிக்கும்'னு சொல்லுவ. எப்படிச் சொல்றது?"

"நாய்க்குத்தான் வாயில்ல" என்றாள் அவள். "இந்த வீட்டுல வாயில்லா ஜீவன் ஒண்ணுதான்னு இருந்தேன். ரெண்டு இருந்திருக்கு. ரெண்டையும் நடு ஹால்ல போட்டுட்டுப் போயி கல்லு பாத்தீங்க."

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. சோபாவுக்குப் பின்னாலிருந்து ரப்பர்ச் சுருளை இழுத்து உதறி வாசல் வரை விரித்தாள். மாமாவை முதலில் அதன்மேல் ஏற்றி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிறகு வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்து, ஆளுக்கொரு முனையாகத் தடியனைத் தூக்கி வேனுக்குள் வைத்தார்கள்.

டாக்டரம்மா பந்து கிண்ணத்தை விட்டு முழுசாக வெளியே வந்துவிட்டது என்றார். மயக்கம் கொடுத்துத் திரும்ப உள்ளே தள்ளி, கட்டுப் போட்டார். "சில நாள் இங்கயே இருக்கட்டும். நடப்பான். இனிமே ஓட மாட்டான்" என்றார். "இன்னொரு தடவ விழுந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது." அவள் தலையாட்டிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பாமலே வேனை எடுத்தாள். அவர் ஆட்டோ பிடித்து வந்தார்.

மறுநாள் காலை நடை முடிந்து அவள் வந்தபோது வீடு முழுக்கப் புழுதி. கூடத்துச் சாமானெல்லாம் வாசலில் கிடந்தது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமான ரீங்காரமில்லை, பல்லைக் கூசவைக்கும் கரகரப்பு. மூக்கில் துணி கட்டிக்கொண்டு வீட்டுக்காரர் முரட்டுக் கல்லைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். எல்லா வீட்டிலும் அந்தக் கல்லில் தொடங்குகிறவர், இங்கே அந்தக் கல்லோடு நிறுத்தினார். தரை சாம்பல் பூத்துப்போனது. விளக்கைப் போட்டால் விளக்கு மேலேதான் எரிந்தது.

நடுவில் போன் வந்தது. அந்தப் புதுப் பார்ட்டிதான். தரையைக் காட்ட மாமியாரை அழைத்துக்கொண்டு வரலாமா என்று கேட்டார்கள்போலிருக்கிறது. "இப்பக் காட்டறதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று வைத்துவிட்டார்.

அவள் பாராட்டவில்லை. அடுப்படியில் பாத்திரம் பாத்திரமாகப் புழுதி ஏறியிருந்தது. அதை வேறு யார் கழுவுவது என்று கேட்டாள். அவர் கழுவினார்.

தடியனை அழைத்துவந்த அன்று துண்டு பிடித்து வாசல்படி ஏற்றினார்கள். கூடத்துக்குள் விட்டதும் அவன் நின்று மோந்து பார்த்தான். வீடு மாறிவிட்டதோ என்று சந்தேகம். பின்னங்காலை ஒவ்வொன்றாக வைத்தான். வைத்த இடத்தில் கால் நின்றது. அவனுக்கு முன்னால் மாமா வெறுங்காலோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவர் பக்கமே போகாமல் நடு கூடத்தில் நடந்துபோனார். சாப்பாட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்து தட்டைத் தட்டினார்.

வீட்டுக்காரர் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். காலில் அந்த ரப்பர் செருப்பு. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தார், மெதுவாக, சொரசொரப்பு உறுத்த உறுத்த.

அவர் அறைக்குள் போகும்வரை பொறுத்திருந்து அவள் அந்தச் செருப்பை எடுத்தாள். கொல்லையில் குப்பைத்தொட்டி மூடியைத் திறந்து உள்ளே போட்டாள். முட்டி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். வலிக்கட்டும் என்று மூடியைச் சாத்திவிட்டு, நாய்க்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.